நாலு விரற்கடை

பம்பாய் மாட்டுங்காவில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏ மைக்" என்பார்கள். "மைக், விசில் அடிக்கறது பாரு." "மைக், சித்த ஏத்து." "மைக், நீ காபி குடிச்சாச்சோ?" அறுபதுகளில் ஆறேழு வருஷம் இப்படியே ஓடியது. வாரநாளில் நான் தாராவியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் மைக் செட். செட் எனக்குச் சொந்தம் கிடையாது. தாராவி மெயின் ரோட்டில் பாத்திரம், நாற்காலி, பந்தல் சாமான் எல்லாம் வாடகைக்கு விடுகிற அண்ணாச்சி ஒருவர் இருந்தார், திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். அவருடைய செட். நான் மாட்டுங்காவை ஒட்டிய லேபர் கேம்ப்பில் குடியிருந்தபடியால் மாட்டுங்கா, செம்பூர் கச்சேரிக்கெல்லாம் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போவது என் பொறுப்பு.

கச்சேரியில் சபையை யார் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? பாடுகிறவர் கண்ணை மூடிக்கொண்டுவிடுவார். மிருதங்கக்காரர் பாடுகிறவர் வாயைப் பார்ப்பார். சபையை மூன்று மணி நேரமும் முகத்துக்கு நேராகப் பார்க்கிறவன் மேடை ஓரத்தில் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மைக் செட்காரன் ஒருத்தன்தான். யார் எப்போது எழுந்திருப்பார் என்று எனக்கு மனப்பாடம். பெரிய ராகம் முடிந்து மிருதங்கக்காரர் மட்டும் தனியாக வாசிக்க ஆரம்பித்தாரா, தூரத்தில் இருக்கிற முலுண்ட் ஆட்களும் தாணே ஆட்களும் செருப்பைத் தேடுவார்கள். அதே நேரத்தில் பின்பக்கத்து கேன்டீனில் போண்டா வாசனை கிளம்பும். ரயில் பிடிக்க வேண்டியவர்கள் பாதி, போண்டா தின்ன வேண்டியவர்கள் பாதி. பாவம், அந்த மிருதங்கக்காரர் வருஷம் பூராவும் சாதகம் பண்ணியதை நாற்காலிக்கு வாசித்துவிட்டுப் போவார்.

இன்னொன்றும் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. மெட்ராஸிலிருந்து வந்த ஒரு பெரிய பாடகர் கடைசியில் சின்னச் சின்ன உருப்படிகளாகப் பாடிக்கொண்டிருந்தார். முடியப்போகிறது என்று நினைத்து நான் எழுந்து ஓரத்து வயரைச் சுருட்ட ஆரம்பித்தேன். அவ்வளவுதான். ஹால் முழுக்க எழுந்துவிட்டது. பாடகர் பல்லைக் கடித்துக்கொண்டு மங்களம் பாடி முடித்தார். மறுநாள் அண்ணாச்சி கடை வாசலில் வைத்தே என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். "கூறுகெட்ட மூதி! மைக்காரன் எந்திரிச்சு வயரத் தொட்டாம்னா கச்சேரி முடிஞ்சுன்னு அர்த்தம்ல. அவிய கண்ணு பாட்டுக்காரர் மேலயா இருக்கு? உம்மேலல்லா இருக்கு! தம்புரா உறைக்குள்ள போன பொறவுதான் நீ எந்திரிக்கணும், கேட்டியா?" கேட்டுக்கொண்டேன். அதற்கப்புறம் கால் மரத்துப்போனாலும் சரி, கொசு பிடுங்கினாலும் சரி, தம்புரா உறைக்குள் போகிறவரைக்கும் நான் அசைந்ததில்லை.

வயலின்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். செம்பூரில் ஒற்றை அறையும் சமையலறையுமாகக் குடித்தனம், ஒரு கம்பெனி ஆபீசில் டைப்பிஸ்ட். மெட்ராஸிலிருந்து பாட வருகிறவர்களுக்குப் பக்கவாத்தியம் வாசிப்பார். மற்ற வித்வான்கள் எல்லாம் திரை தூக்குகிற நேரத்துக்கு டாக்சியில் வந்து இறங்கினால், இவர் மட்டும் ரெண்டு மணி நேரம் முந்தியே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். நான் அப்போதுதான் வயர் இழுத்துக்கொண்டிருப்பேன்.

மைக் டெஸ்ட் என்றால் மற்றவர்கள் "ஹலோ, ஹலோ, ஒன் டூ த்ரீ" என்பார்கள், இல்லை மைக்கைத் தட்டுவார்கள். தட்டாதீர்கள் ஐயா, அது என்ன கதவா என்று வாய்வரைக்கும் வரும். இவர் தட்டமாட்டார். உட்கார்ந்து சுருதி சேர்த்து, காலி ஹாலைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்துவிடுவார். கொஞ்சம் வாசித்து நிறுத்தி, "கேக்கறதா?" என்பார். "கேக்குது சார்" என்பேன். மறுபடி வாசிப்பார். ஒவ்வொரு தடவையும் அதே உருப்படி.

முதலில் கேட்டபோது எனக்கு அது பிடிக்கவே இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பிற்பாடு வந்த மேதாவித்தனத்தை அன்றைக்கே இருந்ததாகக் காட்டுவானேன். படி இறங்கும்போது கடைசிப் படி இருக்கிறது என்று காலை வைத்து, அங்கே படி இல்லாமல் போனால் எப்படித் தூக்கிவாரிப் போடும், அப்படி இருந்தது. கை தன்னால் தாளம் போடப் பார்க்கும், போட்ட இடத்தில் தாளம் இருக்காது. ராகமும் தெரிந்த ராகம் மாதிரி வந்து, அடையாளம் சொல்லப் போகிற நேரத்தில் வேறு பக்கம் திரும்பிவிடும். "இந்த ஆளு என்ன சும்மா காலிபீலி டைம் பாஸ் பண்ணுதாரா?" என்று நினைத்தேன்.

நாலைந்து ஞாயிற்றுக்கிழமை கழிந்தது. ஒரு நாள் காலையில் கேம்ப் குழாயடியில் வரிசையில் நிற்கிறேன். வாளியில் தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு என் விரல் தொடையில் ஒன்பது ஒன்பதாக எண்ணிக்கொண்டிருக்கிறது. நாலு, அப்புறம் ஐந்து. நாலு, அப்புறம் ஐந்து. திடீரென்று அந்த இல்லாத படி எங்கே இருக்கிறது என்று பிடிபட்டுவிட்டது! வாளி நிரம்பி வழிந்து காலடியில் ஓடுகிறது, நான் ஈயென்று சிரித்துக்கொண்டு நிற்கிறேன். என் பெண்சாதி பின்னாலிருந்து, "ஏங்க, கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா? பொறத்தால பத்து குடம் நிக்கி, நீங்க என்னத்த எண்ணுதிய?" என்று கத்தினாள். அவளுக்கு என்ன சொல்ல? ஒன்பது என்றால் அவளுக்கு ஒன்பதாம் நம்பர் வீட்டுக்காரியோடு போட்ட சண்டைதான் ஞாபகம் வரும்.

அந்த வாரம் வயலின்காரரிடம் கேட்டேன். "சார், இது யாரு பாட்டு?"

"ஏன் கேக்கறே?"

"மண்டைக்குள்ளயே சுத்துது சார்."

அவர் வில்லை மடியில் வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "என்னுதுதான். நான் இன்னும் சாகலை பாரு, அதனாலதான் யாரும் வாசிக்கமாட்டேங்கறா" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சபையில் புதிய உருப்படி என்றால் ஜனங்கள் மூஞ்சி எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். யார் செய்தது என்று ஒருவரையொருவர் கேட்பார்கள். உயிரோடு இருக்கிற ஆள், செம்பூரில் டைப்பிஸ்ட் என்று தெரிந்துவிட்டால் போயிற்று, உடனே கடிகாரத்தைப் பார்ப்பார்கள். நூறு வருஷத்துக்கு முந்திய பாட்டு என்றால் தப்பாகப் பாடினாலும் தலையை ஆட்டுவார்கள். ஏன் ஐயா, அந்தப் பழைய பாட்டும் ஒரு காலத்தில் புதுசாக இருந்ததுதானே? அன்றைக்கும் இவர்கள் மாதிரியே ஆட்கள் உட்கார்ந்து ரயில் பிடிக்க ஓடியிருந்தால் அது இன்றைக்கு இருக்குமா? ரயில் அப்போது இல்லாமல் போனது அந்தப் பாட்டுக்காரர் செய்த புண்ணியம்.

ஒரு தடவை அந்த உருப்படியின் ஓட்டத்தைக் கேட்டுவிட்டு, "சார், இது லோக்கல் ரயில் போற மாதிரியா?" என்று கெட்டிக்காரத்தனமாகக் கேட்டுவைத்தேன். முகம் சிவந்துவிட்டது அவருக்கு. "எல்லாத்துக்கும் ஒரு கதை வேணும் ஒங்களுக்கெல்லாம்! ரயில், மழை, குயில்! இது ஒம்பது எண்ணிக்கை, ஆறு ஸ்வரம். அவ்வளவுதான். அது போறாதா?" என்று கத்தினார். செத்த நேரம் கழித்து அவரே இறங்கிவந்தார். "எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுப்பா. ஒரே ஒரு தடவை, நாற்காலியில ஒக்காந்துண்டு இருக்கற ஜனங்களுக்கு, ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் இதை வாசிக்கணும். பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லட்டும். முழுசாக் கேட்டுட்டுச் சொல்லட்டும்."

கேட்டதைப் பாருங்கள். பட்டமா கேட்டார், பொன்னாடையா கேட்டார்?

அதற்கு முன்னால் முலுண்டில் ஒரு தடவை முயற்சி நடந்திருந்தது. பிளாட்டுக்காரர்கள் சேர்ந்து மொட்டை மாடியில் வைத்த நிகழ்ச்சி, இவர் தனி வயலின். நான்தான் மைக். மற்ற உருப்படிகளுக்கெல்லாம் ஒழுங்காக உட்கார்ந்திருந்தார்கள். இதை ஆரம்பித்து மூன்று நிமிஷம் ஆகியிருக்காது, முன்வரிசையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்து அவர் முழங்கால் பக்கத்தில் விழுந்தது. அவர் பார்க்கவில்லை. இன்னொன்று. இன்னொன்று. எல்லாம் தெரிந்த பாட்டை வாசிக்கச் சொல்லித்தான். அப்புறம் நிகழ்ச்சித் தலைவர் மேடையேறி நேராக என் மைக்குக்கு வந்து, அவர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே, "ரயில் நேரத்தை உத்தேசித்து வித்வான் அவர்கள் ரசிகர்களின் விருப்பத்தைப் பூர்த்தி செய்வார்கள்" என்று அறிவித்தார். என் விரல் ஆம்ப்ளிஃபயர் ஸ்விட்ச் வரைக்கும் போயிற்று. ஒரு தட்டு, தலைவர் ஊமை. ஆனால் தட்டவில்லை. வாடகைக்கு வந்தவன், நமக்கென்ன என்று கையை எடுத்துக்கொண்டேன். வயலின்காரர் பாதியில் விட்டுவிட்டு, கேட்டதை வாசித்தார். அந்த ஸ்விட்சை அணைக்காமல் விட்டது எனக்குள் கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது.

அடுத்த வருஷம் மாட்டுங்கா சபாவில் அவருக்குத் தனிக் கச்சேரி கொடுத்தார்கள். மெட்ராஸிலிருந்து வர வேண்டியவர் வரவில்லை, அதனால் கொடுத்தார்கள். எப்படியானால் என்ன, கிடைத்ததே. சபா செக்ரெட்டரி ஒரு பெரிய ஆபீசில் அதிகாரி. நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் ஃபைலைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார். வயலின்காரர் உருப்படிப் பட்டியலைக் கொடுத்தபோது நான் ஸ்பீக்கரைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தேன். செக்ரெட்டரி பேனாவால் ஒரு இடத்தைத் தட்டினார்.

"இது என்ன, நடுவுல? பெரிய உருப்படி தோடி, இல்லேன்னா கல்யாணி இருக்கட்டும். புதுசு வேண்டாம்னு நான் சொல்லலை. மிருதங்கத் தனிக்கு அப்புறம் வச்சுக்கோங்கோ."

"தனிக்கு அப்புறம் யாரும் இருக்கமாட்டா சார்."

"இருக்கறவா கேப்பா. அதான் ஓய் நியாயம்."

இது ஒரு நியாயம்! எனக்கு ஸ்டூலிலிருந்து குதித்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது. தனிக்கு அப்புறம் என்றால் போண்டாவுக்கு அப்புறம். வயலின்காரர் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார்.

நான் நேரே கேன்டீனுக்குப் போனேன். கேன்டீனில் சட்டி போடுகிறவன் எங்கள் கேம்ப்புக்காரன், எனக்கு ரெண்டு வரிசை தள்ளி வீடு. "ஏ மக்கா, ஒரு உபகாரம் செய்யணும். ஞாயித்துக்கெழம மிருதங்கம் தனியா அடிக்கும்போது நீ சட்டிய அடுப்புல வைக்கக் கூடாது. அதுக்குப் பொறவு ஒரு பாட்டு இருக்கு. அது முடிஞ்ச பொறவு வையி."

"ஏன், பாட்டுக்கும் போண்டாவுக்கும் என்னல சம்பந்தம்?"

"வாசனை வந்தா எந்திரிச்சிருதாவல்லா."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஒனக்கு அந்தச் சங்கீதம் முத்திப் போச்சு" என்றான். ஆனாலும் சரி என்றான். எண்ணெய் டின் வரத் தாமதம் என்று சொல்லிக்கொள்வதாக ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கே வயலின்காரர் வந்துவிட்டார். மிருதங்கக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். காலி ஹால். விசிறி கூடப் போடவில்லை. அன்றைக்குத்தான் அந்த உருப்படியை ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் நான் கேட்டேன். சுவர்க் கடிகாரத்தில் பதினேழு நிமிஷம். அதுவரைக்கும் எனக்குத் தெரியாத ஒரு இடம் அதில் இருந்தது. வேகமெல்லாம் ஏறி உச்சியில் போய் நின்றதும், வயலினும் மிருதங்கமும் ரெண்டும் நின்றுவிடும். ஒன்பது எண்ணிக்கை முழுக்கச் சும்மா. வில் அந்தரத்தில் நிற்கும். அப்புறம் கீழ்த் தந்தியில், காதோடு சொல்கிற மாதிரி, அத்தனை மெல்லிசாக முதல் அடியே திரும்பி வரும். அப்படி வரும்போது அது நாம் கேட்ட அதே அடியாக இருக்காது. எனக்கு என்னமோ செய்தது. அழுகை என்று சொன்னால் என் பெண்சாதி சிரிப்பாள், அதனால் என்னமோ என்றே வைத்துக்கொள்கிறேன்.

"அந்தச் சும்மா இருக்கற ஒம்பதுதான் இதுலேயே கஷ்டமான எடம்" என்றார். "அப்புறம் வர்றது கேக்கறதா?"

"கேக்குது சார்" என்றேன். காலி ஹாலில் கேட்டது. ஆனால் எனக்கு என் மைக்கைத் தெரியுமே. முந்நூறு பேர் வந்து உட்கார்ந்து, பன்னிரண்டு விசிறியும் ஓடினால், அந்தக் கீழ்த் தந்திச் சத்தம் ரெண்டாம் வரிசைக்கே போகாது. வால்யூமை ஏற்றினால் அந்தச் சவம் விசில் அடிக்கும். ஒரே வழி, மைக் ஸ்டாண்டை நாலு விரற்கடை வயலின் பக்கமாக முன்னால் தள்ளி வைக்க வேண்டும். முதலிலேயே தள்ளிவைத்தால் வேகமாக வாசிக்கும்போது வில் இடிக்கும். ஆக, தள்ளுவதற்கு ஒரே ஒரு நேரம்தான் உண்டு. வில் அந்தரத்தில் நிற்கிற அந்த ஒன்பது எண்ணிக்கை. அது போதும் எனக்கு. நாலு எண்ணுவதற்குள் போய், ஐந்து எண்ணுவதற்குள் திரும்பிவிடலாம்.

இதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கச்சேரிக்கு முன்னால் மனுஷனை ஏன் பதறவைக்க வேண்டும் என்று நினைத்தேன். நான் ஒருத்தன்தான் இந்த உருப்படியை உள்ளும் புறமும் அறிந்தவன் என்கிற கர்வமும் கொஞ்சம் இருந்தது. இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஐந்தரைக்குக் கச்சேரி ஆரம்பம். கல்யாணி நன்றாக வந்தது. மிருதங்கம் தனியாக ஆரம்பித்ததும் வழக்கம்போல முலுண்ட், தாணே ஆட்கள் கொஞ்சம் பேர் எழுந்தார்கள். மற்றவர்கள் மூக்கை உயர்த்திப் பார்த்தார்கள். வாசனை இல்லை. ரெண்டு பேர் வெளியே போய் எட்டிப் பார்த்துவிட்டு, கேன்டீன்காரனைத் திட்டிக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். மக்கா, நீ நல்லா இருக்கணும்ல!

அவர் அந்த உருப்படியைத் தொடங்கினார். ஹாலில் அத்தனை பேர் கைகளும் தொடையில் தாளம் போடப் போயின, போட்ட இடத்தில் தாளம் இல்லை. கைகள் ஒவ்வொன்றாக நின்றன. கைகள் நின்றால் அடுத்து கடிகாரத்தைப் பார்ப்பார்கள், எனக்குத் தெரியும். ஆனால் மூன்றாம் வரிசையில் ஒரு மாமா, எப்போதும் தூங்குகிறவர், அன்றைக்கு நிமிர்ந்து உட்கார்ந்தார். விரலை மடக்கி மடக்கி எண்ணினார். தப்பினார். மறுபடி எண்ணினார். பிடித்துவிட்டார்! நாலு, ஐந்து, நாலு, ஐந்து என்று அவர் கை விழ ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பார்த்துப் போட்டார். அதற்குப் பின் வரிசையில் ஒரு மாமி. குழாயடியில் எனக்கு நடந்தது அங்கே வரிசை வரிசையாக நடந்துகொண்டிருந்தது, நான் என் கண்ணால் பார்த்தேன். கடிகாரத்தை ஒருத்தரும் பார்க்கவில்லை. செக்ரெட்டரி மட்டும் முன்வரிசையில் பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டு, எப்போது முடியும் என்று மேடையைப் பார்த்தபடி இருந்தார்.

வேகம் ஏறியது. உச்சிக்குப் போனது. நின்றது. வில் அந்தரத்தில்.

நான் எழுந்தேன். வயர் காலில் சிக்கக் கூடாதே என்று அதை ரெண்டு சுற்றாக இடது கையில் அள்ளிக்கொண்டேன். ஒன்று, ரெண்டு, மூன்று. குனிந்து ஸ்டாண்டைப் பிடித்தேன்.

கைதட்டல் கிளம்பியது. அதோடு நாற்காலி இழுபடுகிற சத்தம். திரும்பிப் பார்த்தால் முன்வரிசை முழுக்க எழுந்து நின்று தட்டுகிறது. மூன்றாம் வரிசை மாமா கூட எழுந்துவிட்டார். மைக்காரன் எழுந்துவிட்டான், கையில் வயர், அப்புறம் என்ன? ஆறு வருஷம் நான் அசையாமல் உட்கார்ந்து அவர்களுக்குப் பழக்கிக் கொடுத்த பாடம். செக்ரெட்டரி பொன்னாடையை விரித்துக்கொண்டே மேடையேறிவிட்டார்.

"உக்காருங்க! முடியல! இன்னும் முடியல!" என்று கத்தினேன். முந்நூறு பேர் கைதட்டலில் என் தொண்டை எங்கே கேட்கும்? செக்ரெட்டரி மைக்கைத் தன் பக்கம் திருப்பி, "அற்புதமான..." என்று ஆரம்பித்தார். எனக்கு முலுண்ட் ஞாபகம் வந்தது. இந்தத் தடவை விடமாட்டேன். பாய்ந்து போய் ஸ்விட்சை அணைத்தேன்.

அதைவிட மடத்தனம் உலகத்தில் உண்டா! மைக்கும் அணைந்துவிட்டது என்றதும், இன்னும் சந்தேகத்தில் உட்கார்ந்திருந்த பத்துப் பேரும் எழுந்துவிட்டார்கள். பதறிப்போய் மறுபடி ஸ்விட்சைப் போட்டேன். அந்தக் காலத்து வால்வு செட் சூடாகிச் சத்தம் வர அரை நிமிஷமாவது வேண்டும். அந்த அரை நிமிஷத்தில் ஹாலில் பாதி வாசலுக்குப் போய்விட்டது.

மிருதங்கக்காரர் விரல் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தது. ஒன்பது எப்போதோ முடிந்துவிட்டது. அவர் வயலின்காரரைப் பார்த்தார். வயலின்காரர் வில்லை அந்தரத்திலேயே பிடித்தபடி இருந்தார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த வயரைப் பார்த்தார். அப்புறம் வில்லை இறக்கி, மைக் இல்லாமலே மங்களம் வாசித்தார். தோளில் பொன்னாடை கிடந்தது.

கூட்டம் கேன்டீன் பக்கம் போனது. போண்டா இன்னும் வரவில்லை என்று அங்கே ஒரே இரைச்சல். நான் செக்ரெட்டரியை மறித்து, "சார், அது பாதிதான் சார். இன்னும் இருந்துச்சு. முக்கியமானதே அதுக்குப் பொறவுதான்" என்றேன்.

"அப்படியா? எனக்கு நன்னா இருந்தது. அளவா, சின்னதா முடிச்சுட்டார். புதுசுன்னா இப்படித்தான் இருக்கணும்" என்றார். பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "பாதிங்கறே, நீதானே மொதல்ல எழுந்துண்டே?"

உள்ளே போனேன். அவர் வயலினைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "சார், விசிறி ஓடும்போது கீழ்த் தந்தி கேக்காதுன்னுதான்..." என்று இழுத்தேன்.

"எத்தனை தூரம் நகத்தப் பாத்தே?"

"நாலு விரக்கட சார்."

அவர் விரல் தந்திமேல் லேசாக ஓடியது. மனதுக்குள் வாசித்துப் பார்த்தார் போல. "ஆமா. நாலு விரக்கடைதான் சரி" என்றார். அடித்திருந்தாலும் நன்றாக இருந்திருக்கும். சண்டாளா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் நான் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

அதற்கப்புறம் சபையில் பேசிக்கொண்டது என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அந்த வயலின்காரர் ஒரு புதுசு வாசித்தாராமே, நன்றாக இருந்ததாமே, சின்ன உருப்படியாமே. அதுதான் தாங்க முடியவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும் என்றார். இவர்கள் பாதியைக் கேட்டுவிட்டு முழுசும் கேட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். முழுசும் கேட்டவன் ஊரிலேயே ஒருத்தன்தான், அவன்தான் பாதியில் எழுந்தவன்.

ஒரு மாதம் கழித்து அதே ஹாலில் மெட்ராஸ் பாடகர் ஒருவருக்கு அவர் பக்கவாத்தியம். வழக்கம்போல ரெண்டு மணி நேரம் முந்தி வந்தார். நான் மைக்கை நாலு விரற்கடை முன்னால் தள்ளி வைத்து, விசிறியெல்லாம் அணைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் பெட்டியைத் திறந்து, சுருதி சேர்த்து, திறந்த தந்தியில் ஸ, ப, ஸ என்று மூன்று இழுப்பு மட்டும் இழுத்தார், அந்த உருப்படியை எடுக்கவில்லை.

"கேக்கறதா?"

என் வாயிலிருந்து தன்னால் வந்தது. "கேக்கல சார்."

மறுபடியும் அதே மூன்று. "இப்போ?"

"கேக்கல சார். கொஞ்சம் வாசிச்சீங்கன்னா..."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தக் கச்சேரிக்கு அப்புறம் முதல் தடவையாக முகத்துக்கு நேராகப் பார்த்தார்.

"ஒனக்குக் கேக்கறதுப்பா" என்றார்.

வயலினைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, காபி குடிக்க வெளியே போனார். கச்சேரிக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருந்தது.